ஏழு வீட்டுக்கு ஒரே நம்பர்

"உனக்கெல்லாம் ஆரு அம்மிணி போன் பண்ணப் போறா? நாலு மாசத்துல கட்டாயிரும் பாரு." கல்லூரியில் சேர்ந்த வாரம் நாமக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடைக்காரர் என் முதல் சிம் கார்டைக் கவரிலிருந்து பிரித்துக்கொண்டே சொன்னது இது. அவர் கணக்கு அவருக்கு. முட்டைக்கோழிப் பண்ணையில் தீவனம் அள்ளும் குடும்பத்துப் பெண், ரீசார்ஜ் செய்து எண்ணை உயிரோடு வைத்திருப்பாள் என்று அவரால் நினைக்க முடியவில்லை. அந்த எண் ஒரு நாள்கூடக் கட்டாகவில்லை. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, நெதர்லாந்தின் இந்தச் சிறிய ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆன பிறகும் என் போனில் இரண்டாவது சிம்மாக அது இருக்கிறது. கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

இங்கே என் தினசரி விநோதம் அந்த எண்ணால் வருவதுதான். வாய்க்கால் ஓரமாக, குளிர்காற்றில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும்போது சட்டைப்பை அதிரும். சிக்னலில் நின்று பார்த்தால், ஊரில் பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவுக்கு கேஸ் சிலிண்டர் வந்திருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி முன்னால் நிற்கும்போது இன்னொரு வீட்டு ரேஷன் கார்டில் பருப்பு வாங்கிய செய்தி வரும். ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியும் முன்பே, ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எனக்குத் தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம் எங்கள் லைன் வீடுகள். நாமக்கல்லைத் தாண்டிய ஒரு பண்ணையில், கோழி ஷெட்டுகளுக்குப் பின்னால், வேலையாட்களுக்காக வரிசையாகக் கட்டிய ஏழு வீடுகள். ஏழு வீட்டிலும் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். ஆண்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலும் லாரியிலும் வடக்கே போய் வருகிறவர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிம் வாங்குவார்கள், திரும்பி வரும்போது தூக்கிப் போடுவார்கள். நிலையாக இருந்தது என் எண் ஒன்றுதான். அதனால் எந்தப் படிவம் வந்தாலும், "மொபைல் நெம்பரா? கோகிலா நெம்பரப் போடு" என்றார்கள். வங்கி, கேஸ், ஆதார், ரேஷன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் என் எண்ணை நானே உட்கார்ந்து என் கையெழுத்தில் நிரப்பினேன். எழுதும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆபத்து என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

வெளிநாடு கிளம்பும்போது இதற்கு ஒரு வழிமுறை செய்து வைத்தேன். லைனில் யாருக்காவது ஓ.டி.பி. என்கிற கோட் நம்பர் தேவைப்பட்டால் அம்மாவிடம் சொல்வார்கள். என் ஊர் எண்ணில் நான் வைத்திருக்கும் அரட்டைச் செயலியில் அம்மா என்னைக் கூப்பிடுவாள். நான் என் போனுக்கு வந்த எண்ணைப் படித்துச் சொல்வேன். ஏழு வீட்டுக்கும் ஒரு குரூப் தொடங்கினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதில் எப்போதும் குரலில்தான் பேசி அனுப்புவேன். மோசடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இரண்டு கட்டளைகள் போட்டேன். ஒன்று, வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கக் கூடாது. இரண்டு, இந்தியிலோ இங்கிலீஷிலோ பேசினால் உடனே வைத்துவிட வேண்டும். "திருட்டுப் பசங்க எல்லாம் வடக்கேயிருந்துதான் பேசுவாங்க, தமிழ் தெரியாது, அதுல கண்டுபுடிச்சிடலாம்" என்று குரூப்பில் பேசி அனுப்பினேன். எல்லோரும் அதை இரண்டு முறை கேட்டார்களாம். படித்த பிள்ளை சொன்னதல்லவா.

பிறகு கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. இங்கே கடைகள் மூடியிருந்தன. முட்டைகளில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் ஆய்வகம் மட்டும் நடந்தது. அங்கே, நோய் வந்துவிடுமோ என்று பண்ணையின் பெரிய கேட்டைச் சாத்தி, அனுமதி கேட்டுத்தான் ஆட்கள் வெளியே போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஊசிக்குப் பதிவு செய்வது ஆன்லைனில். தினமும் அம்மா கூப்பிடுவாள், நான் எண் சொல்வேன், இடம் கிடைக்காது, மறுநாள் மறுபடியும். அந்த நாட்களில் என் போன் அதிர்ந்தால் நான் செய்தியைப் படிப்பதில்லை. கண் நேராக ஆறு இலக்கத்துக்குப் போய்விடும். பயம் தினமும் இருந்தால் அதுவே பழக்கமாகி, பழக்கம் நம்மைக் கவனிக்காமல் ஆக்கிவிடுகிறது.

அன்று இங்கே காலை பதினொரு மணி, அங்கே பிற்பகல். கையில் உறை மாட்டிக்கொண்டு மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அலமாரியில் இருந்தது. அம்மா அழைத்தாள். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாமி, வேலையா? ஊசிக்கு ஒரு நெம்பரு வந்திருக்கும் பாரு. ஆஸ்பத்திரியில இருந்து பேசுனாங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"நம்ம ஆஸ்பத்திரிதான் சாமி. அஞ்சு நிமுசத்துல மறுக்கா கூப்புடறேன்னு சொல்லீருக்காங்க. இன்னிக்கு லைன்ல எல்லாத்துக்கும் போட்டுடுவாங்களாமா."

எல்லோருக்கும் என்ற சொல் போதுமானதாக இருந்தது. திரையின் மேல் ஓரத்தில் ஆறு இலக்கம் மின்னியது. படித்துச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். "வெச்சர்றேன் சாமி, சாப்புடு" என்றாள். நான் மாதிரிகளுக்குத் திரும்பினேன்.

மதிய இடைவேளையில் உறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தபோது செயலி என்னை வெளியே தள்ளியிருந்தது. இந்த எண் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு வரி. அப்போதுதான் காலையில் வந்த செய்தியைத் திறந்து முழுதாகப் படித்தேன். அது ஊசிக்கு வந்த எண்ணே அல்ல. என் செயலிக் கணக்கைத் திறக்கும் எண். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. நானே, என் வாயால், சொல்லியிருந்தேன்.

மீண்டும் உள்ளே போக முயன்றேன். பலமுறை முயன்றாகிவிட்டது, இன்னும் ஏழு மணி நேரம் காத்திருக்கவும் என்றது. யார் முயன்றது? என்னிடமிருந்து அவனால் எடுக்க முடிந்தது ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஏழு மணி நேரமும் அவன்தான் கோகிலா. என் படம், என் பெயர், என் குரூப். லைனில் ஏழு வீடுகள் கோகிலா சொன்னால் கேட்கும். காரணம்கூடக் கேட்காது. அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

அம்மாவுக்கு என் இங்கத்திய எண்ணிலிருந்து நேரடியாக அழைத்தேன். கட் செய்தாள். மறுபடி அழைத்தேன். மறுபடி கட். வெளிநாட்டு எண்ணை எடுக்காதே என்று சொன்னது நான்தான். பாவாயி அக்காவும் எடுக்கவில்லை. மற்ற வீடுகளும் எடுக்கவில்லை. என் சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களே என்று அழுகை வந்தது. ஊர் சிம்மில் அழைக்கலாம் என்றால் அதில் செய்தி வரும் அளவுக்கு மட்டுமே ரீசார்ஜ் செய்திருந்தேன்.

கடைசியில் பண்ணை ஆபீஸ் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டுக்கு முட்டை போகும் பண்ணை அது. எந்த நாட்டு எண்ணாக இருந்தாலும் அங்கே எடுப்பார்கள். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தார்கள்.

"வணக்கமுங்க, முட்டை ரேட்டுங்களா?"

சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணனின் குரல். எங்கள் லைன் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுப்பவர், எங்கள் குரூப்பிலும் இருப்பவர்.

"அண்ணா, நான் கோகிலா."

"அம்மிணியா! இதென்ன ஆபீஸ் நெம்பருக்கு? இப்பத்தான குரூப்புல மெசேஜ் போட்ட?"

"என்னன்னு போட்டிருக்கு அண்ணா? படிச்சுச் சொல்லுங்க."

"நீ போட்டத எங்கிட்டக் கேக்கறே? உன் பழைய நெம்பரு இன்னியோட போவுது, பாங்குல எல்லாரும் புது நெம்பரு மாத்திக்கோணும், ஏ.டி.எம். மிசின்லயே மாத்திரலாம், கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு. எப்பவும் பேசித்தான அனுப்புவே, இன்னிக்கு டைப் பண்ணியிருக்கே. லைன்ல பசங்க எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுனானுங்க."

"அது நான் இல்ல அண்ணா. எவனோ என் போனைப் புடிச்சுட்டான். யாரும் மாத்தக் கூடாது. யாராச்சும் போயிட்டாங்களா?"

"பாவாயி இப்பத்தான் பர்மிசன் கேட்டுட்டுப் போச்சு. கார்டும் கையுமா."

பாவாயி அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் ரிக் வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்த பிறகு வந்த தொகை அந்த வங்கிக் கணக்கில்தான் இருந்தது. ஒரே மகள் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். என்னைப் பார்த்து, என்னைப் போலவே ஆக வேண்டும் என்று அக்கா சேர்த்துவிட்டார். அந்தக் கணக்கின் படிவத்தில் என் எண்ணை எழுதியவளும் நான்தான். அக்கா மட்டும் மெஷினில் அவன் கொடுத்த எண்ணைப் போட்டுவிட்டால், அதன் பிறகு எந்த எச்சரிக்கைச் செய்தியும் என் போனுக்கு வராது. அவன் கைக்குத்தான் போகும்.

"வெச்சுராத அம்மிணி, லைன்லயே இரு" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு அண்ணன் ஓடினார். மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் கோழிகள். ஆயிரக்கணக்கான கோழிகளின் இடைவிடாத முனகல், மின்விசிறிகளின் இரைச்சல். பிறந்ததிலிருந்து கேட்டு, கேட்காமலே போன சத்தம். வெள்ளை நடைவழியில் சுவரோடு சாய்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரின் நடுவில் என் காது இருந்தது. நான் அங்கே இல்லை. அந்தப் பண்ணையில் ஈ நுழைந்தாலும் விரட்ட ஆள் உண்டு; எனக்கு ஒரு வார்த்தை நுழைக்க வழியில்லை.

என்னோடு வேலை செய்யும் மரைக்கே ரொட்டியோடு அந்தப் பக்கம் வந்தாள். யாரோடு பேசுகிறாய் என்று சைகையில் கேட்டாள்.

"கோழிகள்" என்றேன்.

அவள் குனிந்து காது வைத்துக் கேட்டுச் சிரித்தாள். "ஓ, ஊர் ஞாபகமா? எவ்வளவு அழகு!" என்றாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னேன். "உன் நம்பரை ஏன் ஏழு குடும்பம் வைத்திருக்கிறது? அது உன்னுடையது இல்லையா?" என்றாள். எங்களுடையது என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. "உன்னிடமிருந்து என்ன திருடினார்கள் என்று சொன்னால்தான் போலீஸில் ஆன்கிஃப்டே கொடுக்க முடியும்" என்றாள். ஆன்கிஃப்டே என்றால் இங்கே புகார். என்ன திருடினார்கள்? என்னை என்று சொல்லலாம். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது.

கோழிச் சத்தத்துக்கு நடுவே மொபெட் திரும்பி வந்தது. அண்ணனின் மூச்சு முதலில் கேட்டது, பிறகு குரல்.

"புடிச்சுட்டேன் அம்மிணி. ஏ.டி.எம். வாசல்ல தள்ளித் தள்ளி நிக்கச் சொல்லி வட்டம் போட்டிருக்கான் பாரு, அதுல மூணாவது வட்டத்துல நின்னுட்டிருந்துச்சு. ஒருத்தர் உள்ள போயி வாரதுக்குள்ள அடுத்தவங்க நகரக் கூடாதில்ல. பாவாயி, கோகிலா சொல்லுச்சு, திரும்புன்னேன். கோகிலா சொல்லித்தானுங்க வந்தேன்னு என்னையே மொறைக்குது! கையப் புடிச்சு இழுக்கவும் முடியாது, எல்லாம் கொரோனா. வண்டிய முன்னாடி நிறுத்திட்டேன்."

மரைக்கேயிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

ஆனால் முழுதாகத் தப்பவில்லை. கார்டின் இரு பக்கப் படத்தையும் ஆதார் படத்தையும் அக்கா கிளம்பும் முன்பே அனுப்பிவிட்டிருந்தார். அண்ணன் அக்காவை ஆபீஸில் நிற்கவைத்து வங்கிக்குப் பேசிக் கார்டை முடக்க வைத்தார். சைபர் குற்றப் பிரிவிலும் புகார் பதிவு செய்தோம். புதுக் கார்டு வந்துவிடும். ஆதாருக்கு அப்படி இல்லை. பாவாயி அக்காவின் முகமும் பெயரும் அப்பா பெயரும் எங்கோ ஒருவனிடம் இருக்கின்றன. எப்போது, எதற்கு அதை எடுப்பான் என்று தெரியாது. இதை எழுதும்போதும் அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

அன்று மாலை அண்ணனின் போனிலிருந்து அம்மா பேசினாள். நான் கோபமாகத்தான் ஆரம்பித்தேன். "யாரு என்னன்னு தெரியாம எப்படிம்மா சொன்னே?"

"அவன் நம்மூருப் பேச்சுத்தான் சாமி பேசுனான். ஏனுங்கம்மா, நல்லாருக்கறீங்களா, ஊட்ல எல்லாரும் ஊசி போட்டுட்டீங்களான்னு கேட்டான். நெம்பரு எம்புள்ள போனுக்குத்தான் வருமுங்க, வெளிநாட்டுல இருக்கறா, எங்க லைனுக்கே அவ நெம்பருதானுங்கன்னு நாந்தான் சொல்லி, அவ நெம்பரையும் குடுத்தேன். அப்புடியாங்கம்மா, குடுத்து வெச்சவங்கன்னான். இந்தியில பேசியிருந்தா வெச்சிருக்க மாட்டனா? நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குது."

திருடனுக்கு வேற்று மொழி என்று சொல்லிக்கொடுத்தது நான். ஊர் மொழியில் வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வைத்ததும் அதே பாடம்தான். என் மீதான பெருமையில் அம்மா சொன்ன நான்கு வாக்கியங்கள் அவனுக்குப் போதுமானதாக இருந்தன. இந்த நாட்டிலும் அப்படித்தான் என்று மறுநாள் மரைக்கே சொன்னாள். 'ஹோய் மாம், இது என் புது நம்பர்' என்று அவளுடைய சித்திக்கு ஒரு செய்தி வந்ததாம், மகள் எழுதுவதுபோலவே, பிழையில்லாத டச்சில். சித்தி பதிலுக்கு இதயப் படம் போட்டுவிட்டுக் கேட்டதையெல்லாம் செய்துவிட்டார். ஊரடங்கில் பிள்ளைகளைப் பார்க்க முடியாத தாய்மார்களை எந்த நாட்டுத் திருடனும் தெரிந்து வைத்திருக்கிறான்.

ஏழு மணி நேரம் கழித்து எனக்கு வந்த புது ஆறு இலக்கத்தைப் போட்டு அவனை வெளியேற்றினேன். ஆனால் அவன் போகும் முன் இரண்டாவது பூட்டாக ரகசிய எண் ஒன்றைப் போட்டுப் பூட்டிவிட்டிருந்தான். அதனால் நானும் உள்ளே போக இன்னும் ஒரு வாரம் ஆனது. பதற்றத்தில் செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன்; பிரதி எடுத்து வைக்கவில்லை. அம்மா முதன்முதலாகப் பட்டனை அழுத்திப் பேசக் கற்றுக்கொண்டு அனுப்பிய குரல்கள் எல்லாம் போய்விட்டன. என்னைப் போல் ஊர் எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் திரிபவர்கள் இதைப் படித்தால், இன்றே அந்த ரகசிய எண்ணை நீங்கள் முதலில் போட்டுவிடுங்கள். வேண்டியதைப் பிரதி எடுங்கள். உங்கள் வாயால் எந்த இலக்கத்தையும் படிக்கும் முன், அது எதற்கு வந்தது என்ற வரியைப் படியுங்கள். முக்கியமாக, ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் எண்ணை வாங்கிக் கொடுங்கள். ஏழு வீட்டின் சாவியை ஒருத்தி வைத்திருப்பது உதவி என்று நினைத்திருந்தேன். பாதி உதவி, மீதி என் கர்வம்.

ஒரு வாரம் கழித்துக் கணக்கு திரும்பி வந்ததும் அம்மாவை அழைத்தேன். அங்கே சிக்னல் சரியில்லை, வீடியோ வரவில்லை.

"அம்மா, நான்தான்."

"யாருங்க?"

"கோகிலாம்மா."

"கொரலக்கூட மிசின்ல பண்ணிப்போடுவாங்கன்னு பழனிச்சாமி சொல்லீருக்காரு. எம்புள்ளைன்னா ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க."

என் அம்மா எனக்கு 'ங்க' போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை. முழங்காலில் இருக்கும் தழும்பைச் சொன்னேன். என் முதல் பள்ளிக்கூடப் பையின் நிறத்தைச் சொன்னேன்.

"அதெல்லாம் பழசுங்க. நம்மூருக்காரனே திருடனா வந்தா அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். போன வாரம் எந்த ஷெட்டுல கெழட்டுக் கோழியெல்லாம் லாரியில ஏத்தியுட்டோம்? அதச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

"அப்பறம் எப்புடிங்க நம்பறது? வெச்சர்றேனுங்க." வைத்துவிட்டாள். சரியாகத்தான் செய்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நல்ல பூட்டு அது. ஆனாலும் கையிலிருந்த போனை வெகுநேரம் கீழே வைக்க முடியவில்லை.

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க ஒரு பரீட்சை எழுத வேண்டும். இன்புர்கரிங் என்பார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன செய்வாய், மருத்துவரை எப்போது அழைப்பாய் என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் பண்ணை ஆபீஸுக்கு அழைத்து, அண்ணனிடம் ஷெட் எண்ணைக் கேட்டு, அம்மாவிடம் சொல்லித் தேறினேன். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு அழைப்பையும் இப்படி ஒரு கேள்வியோடு தொடங்குவதால், பேசி முடிக்கும்போதெல்லாம் அன்றைய சங்கதிகளைக் கேட்டு, அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். நாளைய கேள்விக்கு இன்று காலையே எழுதியாயிற்று: மூன்றாம் ஷெட்டுக்குப் புதுக் கோழிகள் வந்துவிட்டன. பாவாயி அக்காவுக்குச் சொந்தமாக சிம் வாங்கியாகிவிட்டது. அம்மா ஊசி போட்டுக்கொண்டாள், கை வலிக்கிறதாம். இடது கை.